வெரிகோஸ் புண்ணு ஆறவே மாட்டேங்குது. லேசர் பண்ணினா திரும்ப வந்துடும்னு சொல்றாங்களே, உண்மையா?

ரெடிமேட் செக்‌ஷன்

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில ஒரு ஜவுளிக்கடையில ரெடிமேட் செக்‌ஷன்ல வேலை பாக்குறேன். வயசு 44. காலைல ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிக்கணும். நடுவுல சாப்பிடும்போது மட்டும்தான் உக்காருவேன். இடது கால்ல முழங்காலுக்குக் கீழ உள்பக்கமா நரம்பு சுருட்டிக்கிட்டு ரொம்ப வருஷமாச்சு. பெருசா வலி இல்லாததால விட்டுட்டேன்.

இப்ப கரண்டைக்கு மேல தோலு கறுத்துத் தடிச்சுப்போய் ஒரே அரிப்பு. சொறிஞ்ச இடத்துல ஒரு ரூபாய் காசு அகலத்துக்குப் புண்ணு. சித்திரைத் திருவிழா சமயத்துல வந்தது, இன்னும் ஆறல. மெடிக்கல்ல மூணு வகை ஆயின்மென்ட் வாங்கிப் போட்டாச்சு. ஆயின்மென்ட் போட்ட பிறகு சுத்தி இன்னும் சிவந்து நீர் வடியுது. சுகர் இல்ல, டெஸ்ட் பண்ணிட்டேன்.

ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. லேசர் வச்சா ரெண்டு வருஷத்துல திரும்ப வந்துடும்னு ஒருத்தர். நரம்பை எடுத்துட்டா கால் விளங்காமப் போயிடும்னு வீட்டுல அழுகை. புண்ணு முழுசா ஆறாம எந்த டாக்டரும் கை வைக்க மாட்டாங்கன்னு கூட வேலை பாக்குற அண்ணன். சாக்ஸ் போட்டாலே போதும்னு இன்னொருத்தர். எதை நம்புறதுன்னு தெரியல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வைகைக்கரை

கத்தி லேசர் எதுவும் வேண்டாம் நண்பா. எங்க மாமாவுக்கு இதே பிரச்சினைதான். நல்லெண்ணெயை வெதுவெதுப்பா சூடு பண்ணி, தொடையில இருந்து பாதம் வரைக்கும் நல்லா அழுத்தி உருவி விடணும். காலையில சிரசாசனம் இல்லேன்னா சர்வாங்காசனம் பத்து நிமிஷம். புண்ணைச் சுத்தி அட்டை விட்டா தேங்கி நிக்கிற கெட்ட ரத்தத்தை எடுத்துடும். மாமாவுக்கு வலி நல்லாக் குறைஞ்சது.

வார்டு சிஸ்டர்

தம்பி, நான் அரசு ஆஸ்பத்திரியில ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை வார்டுல வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். டாக்டர் சொல்ற இடத்துல நான் நிக்க முடியாது. ஆனா உங்க கால் மாதிரி கால்களுக்குக் கட்டுப் போட்டே என் சர்வீஸ்ல பாதி போயிருக்கு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

உங்க கால்ல இருக்கிறது வெறும் "சுருட்டல்" நிலை இல்ல. தோல் கறுத்து, தடிச்சு, புண்ணு வந்தாச்சு. டாக்டர்கள் இந்த நோயை சி பூஜ்யத்துல இருந்து சி ஆறு வரைக்கும் படி போட்டுப் பிரிப்பாங்க. சிலந்தி வலை மாதிரி மெல்லிசாத் தெரியிறது சி ஒண்ணு, புடைச்சுச் சுருண்டது சி ரெண்டு, வீக்கம் மூணு, தோல் மாறினா நாலு, ஆறின புண்ணு அஞ்சு, ஆறாத புண்ணு ஆறு. நீங்க கடைசிப் படியில நிக்கிறீங்க. பயமுறுத்த இதைச் சொல்லல. இந்தப் படியிலயும் சரி பண்ண முடியும், ஆயின்மென்ட்டால முடியாது, அவ்வளவுதான்.

ஏன் முடியாது? கால்ல இருக்கிற ரத்தம் மேல இதயத்துக்கு ஏறணும். குழாய்க்குள்ள வழி நெடுக ஒருவழி வால்வு இருக்கு. நடக்கும்போது ஆடுசதை இறுகிப் பிதுக்குது, ரத்தம் ஒரு வால்வு மேல ஏறுது, வால்வு மூடிக்குது. சும்மா நிக்கும்போது கரண்டைக்கிட்ட இந்தக் குழாய்ல அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும். நல்ல காலா இருந்தா நடக்க ஆரம்பிச்சதும் அது 30க்குக் கீழ இறங்கிடும். வால்வு கெட்ட கால்ல நடந்தாலும் அந்த அளவுக்கு இறங்காது. வருஷக்கணக்கா அந்த அழுத்தம் தோல்ல விழுந்தா சிவப்பணுக்கள் கசிஞ்சு, அதுல இருக்கிற இரும்புச் சத்து படிஞ்சு தோல் கறுக்குது. அப்புறம் தடிக்குது, சின்னக் கீறல் பட்டாலும் ஆற மாட்டேங்குது. மாடியில தண்ணி பைப் கசிஞ்சா கீழ சுவர் ஊறி உப்பு பூக்கும். பைப்பை விட்டுட்டு சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சா நிக்குமா? உங்க புண்ணு சுவர் மாதிரி, கசிவு பெரும்பாலும் கவட்டைக்கிட்ட இருக்கும். இது ஒண்ணை மனசுல வச்சுக்கிட்டு மத்த எல்லாப் பேச்சையும் பாருங்க, எது நிஜம், எது பொய்னு உங்களுக்கே பிரிஞ்சுடும்.

வைகைக்கரை அண்ணன் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருக்கார். அவர் மாமாவுக்கு வலி குறைஞ்சதும் உண்மையா இருக்கும். ஆனா காலை மேல தூக்கினா யாருக்கும் அந்த நேரத்துக்குக் கால்ல தேங்கின ரத்தம் இதயத்துப் பக்கம் இறங்கும், வலி குறையும். சிரசாசனத்துல இருந்து இறங்கி நின்ன உடனே திரும்ப நிரம்பிடும். வால்வு எந்த ஆசனத்துலயும் புதுசா முளைக்காது. உயரமான தலைகாணியில கால் வச்சுப் படுக்கிறதே அந்த வேலையைச் செய்யும், கழுத்துக்கும் ஆபத்தில்ல.

தொடையில இருந்து பாதத்துக்கு அழுத்தி உருவுறது கூடவே கூடாது. ஏற வேண்டிய ரத்தத்தைக் கீழ தள்ளுற வேலை அது. அதுக்கு மேல, உள்ள ரத்தம் கட்டி இருந்தா கதையே வேற. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, ஆடுசதை கல்லு மாதிரி ஆகி வலிச்சா ஆழமான குழாய்ல கட்டி விழுந்திருக்கலாம். அதை உருவி விட்டா கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போக வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட காலைத் தொடாம நேரா ஆஸ்பத்திரிக்கு வரணும். கூடவே மூச்சு வாங்கினா ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

அட்டை விஷயம். தேங்கி நிக்கிறது கெட்ட ரத்தம் இல்ல தம்பி, உங்க உடம்பு ரத்தம்தான், வழி தவறி நிக்குது. அட்டை ஒரு வாய் உறிஞ்சினா அடுத்த நிமிஷம் மேல இருந்து வேற ரத்தம் அதே இடத்துக்கு வரும். அட்டையோட குடல்ல இருக்கிற கிருமி புண்ணுல ஏறும், கடிச்ச வாய் ஒவ்வொண்ணும் புதுப் புண்ணா மாறும். உங்க தோல் இருக்கிற நிலைமைக்கு இது வேண்டவே வேண்டாம்.

மூணு ஆயின்மென்ட் போட்ட பிறகு சிவந்து நீர் வடியுதுன்னு எழுதியிருக்கீங்க. இதை நான் எத்தனையோ கால்ல பார்த்திருக்கேன். இந்த மாதிரிக் கால் தோல் மருந்துக்கு சீக்கிரம் ஒத்துக்காமப் போகும். நியோமைசின், ஃப்ரேமைசெட்டின் மாதிரி ஆன்டிபயாட்டிக் களிம்புகள் அதுல முக்கியமானது. புண்ணு பெருசாகுதுன்னு நினைச்சு ஜனங்க இன்னும் கொஞ்சம் அள்ளிப் பூசுவாங்க, அதான் கொடுமை. எல்லாத்தையும் நிறுத்துங்க. கொதிக்க வச்சு ஆறின தண்ணி இல்லேன்னா சலைன் ஊத்திக் கழுவி, ஒட்டாத டிரெஸ்ஸிங் வச்சு மூடுங்க. சுத்தி இருக்கிற தோல்ல ஒண்ணும் கலக்காத வாஸ்லின் தடவுங்க, புண்ணுக்குள்ள வேண்டாம். மஞ்சள், காபித்தூள், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம்.

இனிமே சாக்ஸ். பேரைச் சாக்ஸ்னு சொல்றதாலயே யாரும் மரியாதை கொடுக்கிறதில்ல. அளவெடுத்து வாங்கின அழுத்தமான ஸ்டாக்கிங்ஸும், பாதத்துல இருந்து முழங்கால் வரைக்கும் முறையாச் சுத்தின அடுக்குக் கட்டும்தான் புண்ணை ஆற வைக்கிற முதல் மருந்து. ஆனா போட்டிருக்கிற வரைக்கும்தான் வேலை செய்யும், கழட்டினா கசிவு அப்படியே இருக்கும். "சாக்ஸ் போட்டாலே போதும்"ங்கிறதும் தப்பு, "சாக்ஸால ஒண்ணும் ஆகாது"ங்கிறதும் தப்பு. ஈரமான புண்ணு இருக்கிறப்ப கட்டு, ஆறின பிறகு ஸ்டாக்கிங்ஸ். இதுதான் எங்க வார்டு வழக்கம்.

கட்டுப் போட வேண்டிய நேரம் காலையில கட்டில்ல இருந்து காலைக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடி. விரல் அடியில ஆரம்பிச்சு, குதிகாலை மூடி, பாதி பாதி ஏத்திச் சுத்தணும். கரண்டைக்கிட்ட இறுக்கம் அதிகம், மேல போகப் போக கொஞ்சமாத் தளரணும். நம்ம ஆளுங்க பெரும்பாலும் தலைகீழாத்தான் சுத்துவாங்க. குதிகாலை விட்டுட்டு, முழங்காலுக்குக் கீழ இறுக்கி ஊக்கு குத்திடுவாங்க. அது கயிறு போட்டுக் கட்டின மாதிரி, பாதம் ரெண்டு மடங்கு வீங்கும்.

ஒண்ணு கேக்கணும், பீடி சிகரெட் பழக்கம் உண்டா? இருந்தா கட்டுப் போடுறதுக்கு முன்னாடி பாதத்துல நாடி பாத்து, கணுக்கால்ல பி.பி. எடுத்துப் பாக்கணும். ரத்தம் கீழ வர்ற தமனியே அடைச்சிருந்தா இறுக்கிக் கட்டுறது விரலையே காவு வாங்கும். ரொம்ப வருஷமா சுகர் இருக்கிறவங்களுக்கும் இதேதான்.

உங்க கேள்விக்கு வர்றேன். ரத்தம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு காட்டுற டாப்ளர் ஸ்கேன் எடுத்தீங்களா? எடுக்காம லேசரா ஆபரேஷனான்னு பேசுறதுல அர்த்தமே இல்ல. நிக்க வச்சு எடுக்கிற இடத்துல எடுங்க. படுக்க வச்சு மட்டும் பாத்தா கசிவு ஒழுங்காத் தெரியாது.

கண்டக்டர் 58

சிஸ்டர் சொல்றது சரி. நான் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ரெண்டு காலுக்கும் பண்ணியிருக்கேன். வலது கால் பழைய முறை, கவட்டையில வெட்டி நரம்பை உருவி எடுத்தாங்க. ஒரு மாசம் நொண்டினேன். இடது கால் சில வருஷம் கழிச்சு லேசர். முழங்கால்கிட்ட ஊசி போட்ட அளவு ஓட்டைதான், தொடை நெடுக மரத்துப் போற தண்ணி ஊசி போட்டாங்க, அது மட்டும் கடுப்பா இருந்தது. சாயங்காலம் நானே நடந்து போய் டீ குடிச்சேன். அப்புறம் ரெண்டு வாரம் தொடைக்குள்ள ஒரு கயிறு இழுக்கிற மாதிரி இருந்துச்சு, தானா விட்டுடுச்சு.

வலது கால்ல இப்ப மறுபடி கொஞ்சம் புடைச்சிருக்கு. அதனால திரும்ப வராதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா முன்னாடி இருந்த கனமும் ராத்திரி ஆடுசதை பிடிச்சு இழுக்கிறதும் இன்னைக்கு வரைக்கும் இல்ல.

ரெடிமேட் செக்‌ஷன்

சிஸ்டர், ரொம்ப நன்றி. சிகரெட் விட்டு ஆறு வருஷம் ஆச்சு. டாப்ளர் இன்னும் எடுக்கல, டாக்டர் காலைப் பாத்தே லேசர்னு சொன்னார். ஸ்கேன்ல என்ன பாப்பாங்க? நரம்பை எரிச்சுட்டா அந்த ரத்தம் எந்த வழியாப் போகும்? வீட்டுல இதைத்தான் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. பின்னாடி பைபாஸ் பண்ண அந்த நரம்பு வேணும்னும் என் மச்சான் சொல்றார்.

வார்டு சிஸ்டர்

ஸ்கேன் ரூம்ல உங்களை ஒரு படி மேல ஏத்தி, சோதிக்கிற காலுக்குப் பாரம் கொடுக்காம நிக்கச் சொல்வாங்க. கவட்டையில ஜெல் தடவிக் கருவியை வச்சுட்டு இன்னொரு கையால ஆடுசதையை ஒரு பிடி பிடிப்பாங்க. ஸ்பீக்கர்ல "ஸ்ஸ்..."னு ஒரு சத்தம் வரும், அது ரத்தம் மேல போறது. கையை விட்டதும் நல்ல குழாய்னா சத்தம் டக்குனு நிக்கும். கெட்ட குழாய்னா விட்ட பிறகு நீளமா இன்னொரு சத்தம் வரும், திரையில நிறமும் மாறும். ரத்தம் திரும்பிக் கீழ விழுறது அது. தோலுக்கு அடியில இருக்கிற மேல்குழாய்ல அரை விநாடிக்கு மேல அப்படி ஓடினா கசிவுன்னு எழுதுவாங்க. முடிஞ்சா மனைவியையும் கூட்டிட்டுப் போங்க. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டா, ஏன் களிம்பு வேலை செய்யலன்னு நான் எழுதுற எல்லாத்தையும் விட நல்லாப் புரியும்.

மூணு விஷயம் ரிப்போர்ட்ல வேணும். பெரிய சஃபீனஸ் குழாய் (கால் உள்பக்கமா கவட்டை வரைக்கும் ஏறுற மேல்குழாய்) கவட்டைச் சந்திப்புல கசியுதா, முழங்கால் பின்னாடி சின்ன சஃபீனஸ் கசியுதா, ஆழக்குழாய் ரத்தக் கட்டி இல்லாம திறந்திருக்கா. மூணாவதுதான் முக்கியம்.

வீட்டுல கேட்டதுக்குப் பதிலும் அதுலதான் இருக்கு. கால் ரத்தத்துல பத்துல ஒன்பது பங்கு தசைக்கு நடுவுல போற ஆழக்குழாய் வழியாத்தான் மேல போகுது. நீங்க தொட்டுப் பாக்குற மேல்குழாய்ல போறது மிச்சம் ஒரு பங்கு. கசியிற குழாய் அந்த ஒரு பங்கையும் ஒழுங்கா எடுத்துட்டுப் போகல, மேல இருந்து இறங்கி வந்து சுமையைக் கூட்டுது. அதை மூடிட்டா ரத்தம் பக்கத்துல இருக்கிற நல்ல குழாய்க்கு மாறிடும், ஆழக்குழாய்க்கு வேலை குறையும். கால் விளங்காமப் போறதுங்கிற பயமும் வேண்டாம். கை கால் அசைவைக் கொடுக்கிற நரம்பு வேற, இது ரத்தக்குழாய். லேசர்ல சிலருக்கு ஆடுசதை உள்பக்கம் கொஞ்ச இடம் மரத்துப்போகும், பெரும்பாலும் மாசங்கள்ல சரியாகும். அரிதா சிலருக்கு ரத்தக் கட்டி வரும். அதனாலதான் பண்ணின அன்னைக்கே நடக்க விடுறாங்க, சில நாள்ல மறுபடி ஸ்கேன் பாக்குறாங்க.

பைபாஸுக்கு வேணும்ங்கிறது நல்ல குழாய்க்குச் சொன்ன பேச்சு. விரிஞ்சு சுருண்ட குழாயை இதயத்துல வச்சுத் தைக்க மாட்டாங்க. நெஞ்சுக்குள்ள இருக்கிற தமனி, கையில இருக்கிற தமனி, இன்னொரு காலு, இதெல்லாம் இருக்கு.

"திரும்ப வந்துடும்" பத்தி கண்டக்டர் அண்ணன் நேர்மையாச் சொல்லியிருக்கார். வரலாம். மூடின குழாய் எப்பவாவது திறந்துக்கலாம், லேசருக்குப் பதிலா நுரை மருந்தை ஊசியில ஏத்திக் குழாயை மூடிக்கிட்டவங்களுக்கு அது கொஞ்சம் அதிகம். இல்லேன்னா வேற குழாய்ல புதுசா வால்வு கெடும். வால்வு சீக்கிரம் கெடுற உடம்பு வாகு பரம்பரையா வர்றது, லேசர் உடம்பு வாகை மாத்தாது. ஆனா திரும்ப வந்தா சின்னதா இருக்கும்போதே பாத்து சரி பண்ணலாம். திரும்ப வரலாம்னு பயந்து இப்ப விட்டா இந்தப் புண்ணு எந்த அளவுக்குப் போகும்னு நான் பாத்திருக்கேன். கரண்டையைச் சுத்தி வளையம் போட்ட மாதிரி புண்ணோட, பத்து பதினைஞ்சு வருஷம் வாடையை மறைக்கப் பவுடர் கொட்டிக்கிட்டு, கல்யாணம் காட்சிக்குப் போகாம இருந்தவங்களை எனக்குத் தெரியும். அதுல பாதிப் பேர் கேட்டதும் உங்களுக்குச் சொன்ன அதே வார்த்தைதான்: "பண்ணினாலும் திரும்ப வரும், விடு."

டயாஸ்மின் மாத்திரை யாராவது எழுதிக் கொடுத்திருந்தா சாப்பிடலாம், கனமும் வீக்கமும் குறையும். குழாயைச் சரி பண்ணாது. கால் மேல கால் போட்டு உக்காந்தா இது வரும்னு சொல்றதுக்கும் சரியான ஆதாரம் கிடையாது.

தென்காசிப் பையன்

நடுவுல ஒரு கேள்வி சிஸ்டர். என் மனைவிக்கு ஏழாம் மாசம். ரெண்டு கால்லயும் திடீர்னு புடைச்சிருக்கு. இது பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வருமாமே? உடனே ஏதாவது பண்ணணுமா?

வார்டு சிஸ்டர்

வயித்துல பிள்ளை இருக்கும்போது குழாய்க்கு எந்த சிகிச்சையும் பண்ண மாட்டாங்க தம்பி. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க, டாக்டரைக் கேட்டு ஸ்டாக்கிங்ஸ் போடட்டும், தினமும் நடக்கட்டும். பிரசவத்துக்கு அப்புறம் சில மாசத்துல நிறையப் பேருக்குத் தானா வத்திடும். வத்தலேன்னா அப்ப ஸ்கேன். ஒரு கால் மட்டும் சட்டுனு வீங்கி வலிச்சா மட்டும் அன்னைக்கே காட்டுங்க, கர்ப்பத்துல கட்டி விழுற வாய்ப்பு அதிகம்.

பொம்பளைங்க வியாதின்னு சொல்றது சரியில்ல. ஸ்காட்லாந்துல எடின்பரோ நகரத்துல 18லிருந்து 64 வயசுக்காரங்களைச் சோதிச்சு 1999-ல வெளியிட்ட ஆய்வுல பெரிய குழாய்ச் சுருட்டல் ஆம்பளைங்கள்ல 40 சதவீதம், பொம்பளைங்கள்ல 32 சதவீதம். வேட்டிக்குள்ள, பேன்ட்டுக்குள்ள மறைஞ்சு இருக்கிறதால ஆம்பளைங்க புண்ணு வந்த பிறகுதான் வார்டுக்கு வர்றாங்க.

கடை ஊழியர் சங்கம்

ரெடிமேட் செக்‌ஷன் தோழருக்கு ஒரு விஷயம். கடையில உக்கார நாற்காலி கேக்குறது சலுகை இல்ல, சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 2021-ல 22-ஏ பிரிவைச் சேர்த்தாங்க. எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்கணும், வேலை நடுவுல உக்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உக்கார விடணும். கேரளாவுல ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018-லயே வாங்கிட்டாங்க. எங்க பக்கம் ஒரு கடையில ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டு, உக்காந்தவங்களைக் கேமராவுல பாத்து மைக்ல கூப்பிட்டாங்க. ஆய்வாளருக்கு எழுத்துல மனு கொடுத்த பிறகுதான் நின்னுச்சு.

ரெடிமேட் செக்‌ஷன்

சிஸ்டர், டாப்ளர் எடுத்துட்டேன். நின்னபடியேதான் எடுத்தாங்க. மனைவியும் கூட இருந்தா, நீங்க சொன்ன ரெண்டாவது சத்தத்தை அவளே முதல்ல கவனிச்சா. ரிப்போர்ட்ல இடது கவட்டைச் சந்திப்புல கசிவு, பெரிய சஃபீனஸ் குழாய் தொடையில 9 மில்லிமீட்டர், புண்ணுக்குப் பக்கத்துல ஒரு பெர்ஃபரேட்டர் (மேல்குழாயையும் ஆழக்குழாயையும் சேர்க்கிற குழாயாம்), ஆழக்குழாய் நார்மல்னு இருக்கு. கட்டு நீங்க சொன்ன மாதிரி காலையில படுத்தபடியே போடுறோம். நீர் வடியிறது நின்னுடுச்சு.

ரெண்டு சந்தேகம். புண்ணு ஆறின பிறகுதான் லேசரா? ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்குது, அப்படியே தீபாவளி சீசன். லீவு கேட்டா முறைப்பாங்க. தீபாவளி முடிஞ்சு பண்ணிக்கலாமா?

வார்டு சிஸ்டர்

ஆழக்குழாய் நார்மல்னு வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம் தம்பி. சரி பண்ணக்கூடிய கசிவுதான்.

புண்ணு ஆறட்டும்னு காத்திருக்கிறது முன்னாடி எங்க வார்டுலயும் இருந்த பழக்கம். இப்ப மாறிடுச்சு. இங்கிலாந்துல ஆறாத புண்ணு இருந்த 450 பேரை ரெண்டு பிரிவாப் பிரிச்சாங்க. எல்லாருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஒரு பிரிவுக்கு ரெண்டு வாரத்துக்குள்ள குழாயை மூடினாங்க. இன்னொரு பிரிவுக்குப் புண்ணு ஆறின பிறகு, இல்ல ஆறு மாசம் பாத்துட்டு. 2018-ல முடிவு வந்துச்சு. சீக்கிரம் மூடினவங்கள்ல பாதிப் பேருக்குப் புண்ணு ஆற 56 நாள், காத்திருந்தவங்களுக்கு 82 நாள். அதுக்கு முன்னாடி 2004-ல வந்த இன்னொரு ஆய்வுல, கட்டு மட்டும் போட்டவங்கள்ல 28 சதவீதத்துக்கு ஒரு வருஷத்துல புண்ணு திரும்ப வந்துச்சு, ஆபரேஷனும் பண்ணினவங்கள்ல 12 சதவீதம்தான். அதனால உங்க டாக்டர்கிட்ட "புண்ணு இருக்கும்போதே பண்ணலாமா"ன்னு நேராக் கேளுங்க.

தீபாவளி வரைக்கும் தள்ளாதீங்க. ஆடி, ஆவணி முகூர்த்தம், தீபாவளின்னு பன்னிரண்டு மணி நேரம் நின்னா இந்தப் புண்ணு ஒரு ரூபாய் அளவுல நிக்காது. லேசருக்கு நீங்க ஒரு மாசம் படுக்க வேண்டியதில்ல. நிறையப் பேர் ஒரு வாரத்துல வேலைக்குப் போறாங்க. நடக்கிறது நல்லது, அசையாம நிக்கிறதுதான் கெடுதல். படுத்தே கிடந்தாத்தான் குணமாகும்னு வீட்டுல சொன்னா கேக்காதீங்க. வேலைக்குத் திரும்பின பிறகும் கவுன்டருக்குப் பின்னாடி நின்ன இடத்துலயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க, ஆடுசதை பிதுக்கிற வேலை நடக்கும். சங்கத்துத் தோழர் சொன்ன ஸ்டூலையும் கேளுங்க. டாக்டர்கிட்ட "நீண்ட நேரம் நிற்கக் கூடாது"ன்னு ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டா முறைக்கிறது குறையும்.

செலவு பாரமா இருந்தா, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவே இருக்கு. அவ்வளவு தூரம் போறதுக்கு முன்னாடி உங்க ஊர் பெரியாஸ்பத்திரியில வெளிநோயாளி சீட்டுப் போட்டுக் கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா காப்பீட்டு கவுன்டர்ல ரிப்போர்ட்டைக் காட்டி, உங்களுக்கு எழுதின சிகிச்சை அதுல வருதான்னு முதல்லயே உறுதி பண்ணிக்கோங்க.

இன்னும் ஒண்ணு இருக்கு, வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. தோல் மெலிஞ்ச இடத்துல புடைச்ச குழாய் குளிக்கும்போதோ துண்டு உரசியோ பொத்துக்கிட்டா ரத்தம் பீச்சி அடிக்கும், வலியே இருக்காது. ஒருத்தரை அவர் வீட்டுல இருந்து தொடையில துண்டை முறுக்கிக் கட்டி, ஆட்டோவுல காலைத் தொங்கப் போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க. வந்து சேர்றப்ப ஆட்டோ தரை எல்லாம் ரத்தம். மேல கட்டினதால ரத்தம் ஏற வழியில்லாம ஓட்டை வழியா இன்னும் வேகமாக் கொட்டிடுச்சு. நாங்க செஞ்சது துண்டை அவுத்துட்டு, படுக்க வச்சுக் காலைத் தூக்கி, மடிச்ச துணியால அந்த ஒரு இடத்தை அழுத்திப் பிடிச்சதுதான். கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சு. கட்டாதீங்க, படுங்க, காலைத் தூக்குங்க, அழுத்துங்க. நின்ன பிறகும் ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்.

லேசர் தேதி கிடைச்சதும் ஸ்டாக்கிங்ஸ் வாங்கிடுங்க. அளவு காலையில எழுந்ததும் வீக்கம் இல்லாதப்ப எடுக்கணும்: கரண்டையோட ஒடுங்கின இடம், ஆடுசதையோட பருத்த இடம், முழங்கால் மடிப்புல இருந்து தரை வரைக்கும் உயரம். விரல் திறந்த மாடல் வாங்கினா பாதத்துல ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் பையை மாட்டி, மேல ஸ்டாக்கிங்ஸை ஏத்திட்டு, விரல் பக்கமாப் பையை உருவி எடுத்துடலாம். புண்ணு மேல இருக்கிற டிரெஸ்ஸிங் நகராது.